விசாவில் வந்தவர் போராட்டத்துக்குப் போகலாமா? சென்னை ஐஐடி ஜெர்மன் மாணவர் விவகாரமும் சட்டமும்

2019 டிசம்பர் 23, திங்கட்கிழமை. அடையாறு பக்கம் உள்ள சென்னை ஐஐடியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த ஜெர்மன் மாணவர் ஜேக்கப் லிண்டென்தால், குடியேற்றத் துறை அதிகாரிகளைச் சந்திக்க வரவழைக்கப்பட்டார். அன்று இரவே அவர் விமானம் ஏறிவிட்டார். டிரெஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து பரிமாற்றத் திட்டத்தில் வந்திருந்தவர். படிப்பு முடிய இன்னும் சில மாதங்கள் பாக்கி இருந்தன.

குடியுரிமை திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் கலந்துகொண்டதுதான் காரணம். 1933 முதல் 1945 வரை ஜெர்மனி பார்த்ததை நினைவூட்டும் பதாகை ஒன்றை அவர் பிடித்திருந்தார். அந்தப் படம் சமூக ஊடகங்களில் வைரலானது. விசா விதிகளை மீறியதாக அதிகாரிகள் வாய்மொழியாகச் சொன்னார்கள், எழுத்தில் எதுவும் தரவில்லை என்பது ஊடகங்களிடம் அவர் சொன்ன தகவல்.

ஆறு வருஷம் ஆன விஷயம். ஆனால் இன்று அமெரிக்க விசாவுக்காக இன்ஸ்டாகிராம் கணக்கை ‘பப்ளிக்’ ஆக்கிக்கொண்டிருக்கும் மயிலாப்பூர், தி.நகர் மாணவர்களுக்கும் இதே கேள்வி வந்து நிற்கிறது: இன்னொரு நாட்டில் இருக்கும்போது வாய் திறந்து பேச உரிமை உண்டா?

அரசியலமைப்பு என்ன சொல்கிறது?

எல்லாம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. பிரிவு 14, சட்டத்தின் முன் சமத்துவத்தை ‘எந்த நபருக்கும்’ தருகிறது. பிரிவு 21, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தருகிறது. அதுவும் ‘எந்த நபருக்கும்’தான். பாஸ்போர்ட்டின் நிறம் அங்கே பொருட்டில்லை.

ஆனால் பிரிவு 19 அப்படி இல்லை. பேச்சுரிமை, அமைதியாகக் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, நாட்டில் எங்கும் சென்று வசிக்கும் உரிமை எல்லாம் அதில்தான் வருகின்றன. அது ‘குடிமக்கள் அனைவருக்கும்’ என்றே தொடங்குகிறது.

சுருக்கமாகச் சொன்னால்:

- வெளிநாட்டவரை காரணமில்லாமல் சிறையில் அடைக்க முடியாது. அது பிரிவு 21.
- அவரைப் பாரபட்சமாக, தன்னிச்சையாக நடத்தக்கூடாது. அது பிரிவு 14.
- ‘எனக்குப் பேச்சுரிமை இருக்கிறது’ என்று பிரிவு 19-ஐக் காட்டி அவர் வழக்குப் போட முடியாது.

‘வெளியே போ’ என்று சொல்ல அரசுக்கு எவ்வளவு அதிகாரம்?

ரொம்பவே அதிகம். இதற்கு அடித்தளமான தீர்ப்பும் ஒரு ஜெர்மானியர் தொடர்பானதுதான். 1955-ல் ஹான்ஸ் முல்லர் வழக்கில், வெளிநாட்டவரை வெளியேற்றும் மத்திய அரசின் அதிகாரம் முழுமையானது, வரம்பற்றது என்றது உச்ச நீதிமன்றம். 1991-ல் லூயி டி ரேட் வழக்கிலும் அதே நிலைதான். பல பத்தாண்டுகள் இந்தியாவில் வாழ்ந்தவராக இருந்தாலும், இங்கே தங்கும் உரிமை வெளிநாட்டவருக்கு இல்லை என்று தீர்ப்பு வந்தது.

அரசுத் தரப்பு வாதம் புரியாத ஒன்றல்ல. படிக்க விசா வாங்கியவர் படிக்க வேண்டும், சுற்றிப் பார்க்க வந்தவர் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டின் அரசியலை அந்த நாட்டு மக்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம். விருந்தாளி வீட்டு விவகாரத்தில் தலையிடலாமா என்று அப்போது பலரும் கேட்டதும் இதைத்தான்.

அப்போ நீதிமன்றம் போனால் பலனே இல்லையா?

இருக்கிறது. அதே போராட்டக் காலத்தில், கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படித்த போலந்து மாணவர் ஒருவருக்கும் நாட்டை விட்டு வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. அவர் கிளம்பிவிடவில்லை. கொல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2020 மார்ச்சில் நீதிபதி சப்யசாச்சி பட்டாச்சார்யா அந்த நோட்டீஸை ரத்து செய்தார். பிரிவு 19 குடிமக்களுக்குத்தான் என்றாலும், தன்னைச் சுற்றி நடப்பதைப் பற்றி அரசியல் கருத்து வைத்திருப்பதும் பிரிவு 21 சொல்லும் வாழ்க்கையின் ஒரு பகுதிதான் என்ற பார்வை அந்தத் தீர்ப்பில் இருந்தது.

இரண்டு மாணவர்களுக்கும் ஒரே சட்டம்தான். ஒருவருக்கு எழுத்தில் நோட்டீஸும் சில நாள் அவகாசமும் கிடைத்தன. அதனால் நீதிமன்றக் கதவைத் தட்ட முடிந்தது. இன்னொருவருக்கு ஒரு மாலைப்பொழுதுதான் கிடைத்தது. உரிமை என்ன என்று பார்க்கும் முன்னால், அதைக் கேட்க நேரம் கிடைக்கிறதா என்பதே பெரிய விஷயமாகிவிடுகிறது.

சென்னைக்கு இது புதுசா?

இல்லை. 1985-ல் திம்புப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அன்டன் பாலசிங்கம், எஸ்.சி.சந்திரஹாசன், சத்தியேந்திரா மூவரையும் நாடு கடத்த ராஜீவ் காந்தி அரசு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. தந்தை செல்வாவின் மகனான சந்திரஹாசன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டும், அங்கே நுழைய மறுத்துத் திரும்பி வந்தார். பின்னர் பாலசிங்கமும் சென்னைக்குத் திரும்பினார். அப்போது உத்தரவு தளர்ந்தது நீதிமன்றத்தால் அல்ல, அரசியல் அழுத்தத்தால்.

அந்த அழுத்தம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2025 மே மாதம், தண்டனைக் காலம் முடிந்த இலங்கைத் தமிழர் ஒருவர் தன்னை நாடு கடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் மனு செய்தார். இந்தியா ஒன்றும் தர்ம சத்திரம் அல்ல என்று நீதிபதி தீபாங்கர் தத்தா அமர்வு மறுத்துவிட்டது. பிரிவு 19 குடிமக்களுக்கு மட்டுமே என்பதையும் நினைவுபடுத்தியது.

சிக்கல் இங்கேதான் ஆழமாகிறது. தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் பிறந்து, இங்கேயே பள்ளி, கல்லூரி முடித்து, நம்மைப் போலவே தமிழ் பேசும் பலரும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதற்குப் பின் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். ஒரே முகாமில் அக்கா குடிமகள், தம்பி அயலார் என்ற நிலை இதனால் வரலாம். ஒரே தெருக் கூட்டத்தில் இருவரும் ஒரே முழக்கத்தை எழுப்பினாலும், அக்காவுக்கு அது உரிமை. தம்பிக்கு அது அரசின் தயவு.

புதிய சட்டம் என்ன மாற்றியது?

1946-ம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாக, ‘குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025’ வந்துள்ளது. 2025 செப்டம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. தேசப் பாதுகாப்பு, இறையாண்மை, வெளிநாட்டு உறவு போன்ற காரணங்களுக்காக ஒருவரை உள்ளே விடவோ தங்கவோ அனுமதி மறுக்கலாம். குடியேற்ற அதிகாரியின் முடிவே இறுதியானது என்கிறது சட்டம். மேல்முறையீட்டுக்கு வழி இல்லையே என்பதுதான் விமர்சகர்களின் முக்கியக் கவலை.

ஓசிஐ கார்டு வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அது குடியுரிமை அல்ல. 2021 அறிவிப்பின்படி, இங்கே பத்திரிகைப் பணியோ ஆய்வோ செய்ய அவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும். கார்டை ரத்து செய்யும் முன் அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற பாதுகாப்பு மட்டும் உண்டு.

அமெரிக்காவில் நிலைமை என்ன?

அங்கே அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் ‘குடிமக்கள்’ என்ற சொல்லே பேச்சுரிமையோடு ஒட்டவில்லை. அங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று 1945-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1952-ல், முன்னாள் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர்களை நாடு கடத்துவதை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

2025 மார்ச்சில் துருக்கி மாணவி ருமெய்சா ஓஸ்டுர்க், கல்லூரிப் பத்திரிகையில் காசா பற்றிய கட்டுரையை மற்றவர்களுடன் சேர்ந்து எழுதிய பின் கைது செய்யப்பட்டார். ஆறு வாரங்கள் கழித்து நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஜூன் முதல் மாணவர் விசா விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்ற விதி வந்தது. டிசம்பரில் எச்1பி-க்கும் அது நீட்டிக்கப்பட்டது.

ஆக, பேச்சுரிமை தாளில் இல்லாத இந்தியாவில் ஒரு மாணவர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். தாளில் இருக்கும் அமெரிக்காவில் ஒரு மாணவி ஆறு வாரம் காவலில் இருந்தார்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

- வெளிநாட்டில் படிக்கப் போனால், அந்த நாட்டுச் சட்டத்தோடு உங்கள் விசா நிபந்தனைகளையும் படியுங்கள். இரண்டும் வேறு வேறு.
- வெளியேறச் சொன்னால், உத்தரவை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருப்பதைத்தான் நீதிமன்றத்தில் எதிர்ப்பது எளிது.
- உங்கள் நாட்டுத் தூதரகத்துக்கும் ஒரு வழக்கறிஞருக்கும் உடனே தகவல் சொல்லுங்கள்.
- பழைய பதிவுகளை அவசரமாக அழிப்பதற்கு முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அமெரிக்க விசா படிவம் ஐந்து ஆண்டுக் கணக்கு விவரங்களைக் கேட்கிறது. தவறான தகவல் தருவது தனிக் குற்றமாகிவிடும்.

நம் பிள்ளைகள் பாஸ்டனில் பதாகை பிடித்தால் அது ஜனநாயகம், ஜெர்மன் பையன் சென்னையில் பிடித்தால் அது தலையீடு என்று சொல்லலாம். சொல்வதற்கு இந்தியக் குடிமக்களான நமக்குப் பிரிவு 19 இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் விசா வரிசையில் நிற்கும்போது, நாம் அந்த ஜெர்மன் பையனின் இடத்தில்தான் நிற்கிறோம்.