நிக்கோடமஸ்: ரயில் வராத ஊர்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், வடமேற்குப் பக்கமாக, கோதுமை வயல்களுக்கு நடுவே நிக்கோடமஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 14 பேர். அவ்வளவுதான். தபால் ஆபீஸ் 1953லேயே மூடியாச்சு. பள்ளிக்கூடமும் பிற்பாடு மூடப்பட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஜூலை கடைசி வாரமும் நாட்டின் பல மூலைகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் "ஊருக்குப் போறோம்" என்று கிளம்பி இங்கே வருகிறார்கள். அவர்களில் பலர் அங்கே பிறந்தவர்கள்கூட இல்லை. அப்புறம் எப்படி அது அவர்கள் ஊர்?

கதை 1877இல் ஆரம்பிக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்து 12 வருஷம் ஆகியிருந்தது. சட்டப்படி விடுதலை கிடைத்ததே தவிர, தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய முதலாளியின் வயலில் வாரத்துக்கு உழுது, கடனிலேயே காலம் தள்ள வேண்டியிருந்தது, வன்முறை வேறு. கான்சாஸிலோ, 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, 5 வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் அரசு நிலம் சொந்தமாகும். கறுப்பினத்தவருக்கும் அந்த உரிமை உண்டு.

அந்த ஏப்ரலில் ஒரு நகர நிறுவனம் தொடங்கப்பட்டது. அதில் முக்கியமானவர்கள் இருவர்: டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர், டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளையின நில வியாபாரி. "செழிப்பான மண், வாருங்கள்" என்று கென்டக்கி மாநிலத்தில் துண்டறிக்கை கொடுத்து ஆள் சேர்த்தார்கள். செப்டம்பரில் முதல் பெரிய கூட்டமாக 300 பேருக்கு மேல் வந்தார்கள். ரயில் எல்லிஸ் என்ற ஊர் வரைதான். அங்கிருந்து சுமார் 55 கிலோமீட்டர் நடை.

வந்து பார்த்தால் ஊரையே காணோம். மரமில்லாத வெட்டவெளி. வில்லியானா ஹிக்மன் என்ற பெண் 1878இல் வந்தவர். பிற்காலத்தில் அந்த நாளை நினைவுகூர்ந்திருக்கிறார். கூட வந்தவர்கள் "அதோ நிக்கோடமஸ்" என்று கை காட்டிய இடத்தில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது தரையிலிருந்து எழும்பிய புகை மட்டுமே. ஜனங்கள் மண்ணைக் குடைந்து, அந்தப் பொந்துகளுக்குள் குடியிருந்தார்கள். பார்த்ததும் அவர் அழுதே விட்டாராம். பலர் வந்த வழியே திரும்பிப் போனார்கள். மிஞ்சியவர்களுக்குக் குதிரையும் கலப்பையும் சரியாக இல்லை. மண்வெட்டியால் கொத்தித்தான் விதைத்தார்கள். முதல் குளிர்காலத்தில், வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் உணவைப் பகிர்ந்துகொண்டதால்தான் பிழைத்தோம் என்று ஊர்க்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

பத்தே வருஷத்தில் நிலைமை மாறியது. தேவாலயங்கள், பள்ளிக்கூடம், ஹோட்டல், கடைகள், இரண்டு செய்தித்தாள்கள்! அங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882 தேர்தலில் கான்சாஸ் மாநிலத் தணிக்கையாளராகவே ஜெயித்தார்.

ஊருக்கு இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி: ரயில். அன்றைய சமவெளி ஊர்களுக்கு ரயில்தான் உயிர். ரயில் இல்லையென்றால் தானியத்தை வண்டி கட்டித் தூரத்து நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாபமெல்லாம் வழியிலேயே கரைந்துவிடும். அதனால் 1887இல் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு, 16,000 டாலர் கடன் பத்திரம் தரக்கூட ஒப்புக்கொண்டார்கள். அந்த மிசௌரி பசிபிக் ரயில் வரவே இல்லை. அடுத்த வருஷம் யூனியன் பசிபிக் கம்பெனி தண்டவாளம் போட்டது, ஆனால் சாலமன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், சில மைல் தள்ளி. நிக்கோடமஸ் கடைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் முகாமுக்கே போய்விட்டார்கள். அந்த முகாம்தான் இன்றைய போக் என்ற ஊர்.

இப்படி ரயில் தவறி அழிந்த ஊர்கள் அந்தச் சமவெளியில் ஏராளம். நிக்கோடமஸ் மட்டும் ஏன் அழியவில்லை? முதல் காரணம் நிலம் என்று எனக்குப் படுகிறது. கடைகள் போனாலும் விவசாயிகள் போகவில்லை. அடிமையாக இருந்தவர்கள் முதன்முதலாகத் தங்கள் பேரில் எழுதி வாங்கிய நிலத்தை அவ்வளவு சுலபமாக விடுவார்களா? 1930களின் வறட்சியும் புழுதிப் புயலும்தான் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரைக் கிளப்பின.

இரண்டாவது காரணம் திருவிழா. பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 1834 ஆகஸ்ட் 1. (அதன் பிறகுதான் மொரிஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள் என்பது அதே தேதியின் இன்னொரு பக்கம்.) அந்த நாளை நிக்கோடமஸ் மக்கள் விடுதலை நாளாகக் கொண்டாடினார்கள். பேஸ்பால், விருந்து, ஊர்வலம். வேலை தேடி வெளியூர் போனவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை அதற்காகத் திரும்பி வந்தார்கள். அதுவே இன்றைய ஜூலைக் கடைசி வார ஊர்கூடல். அந்த மூன்று நாளில் பிள்ளைகள் யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துகொள்கிறார்கள். எந்த வீடு யாருடையது, எந்தக் கல்லறை எந்தக் கொள்ளுப்பாட்டியுடையது என்று பெரியவர்கள் காட்டுகிறார்கள்.

1996இல் நிக்கோடமஸ் தேசிய வரலாற்றுத் தலமானது. பழைய ஹோட்டல், இரண்டு தேவாலயங்கள், பள்ளி, ஊர் மன்றம் ஆகிய ஐந்து கட்டடங்களும் அதில் அடக்கம். கட்டடங்களை அரசு பார்த்துக்கொள்ளும். ஆனால் அதை ஊராக வைத்திருப்பது அரசால் ஆகிற காரியம் இல்லை. அந்த வேலையை இன்றைக்கும் 14 பேரும், வருஷா வருஷம் திரும்பி வருகிற அந்த நூற்றுக்கணக்கானவர்களும்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.