உங்களுக்குத் தெரியுமா? ஆன்டெனா அலையைப் பெருக்குவதில்லை

வாசலில் ரௌட்டர், பின்கட்டில் தறி. இப்படி நீண்ட வீடுகளில் வைஃபை பின்கட்டை எட்டாவிட்டால் பெரிய ஆன்டெனா வாங்கத் தோன்றும். ஆனால் ஆன்டெனா புதிதாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. இருக்கும் அலையைத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். அதன் உறையில் உள்ள ‘டிபிஐ’ எண் அந்தக் குவிப்பின் அளவு. குச்சி ஆன்டெனாவில் அந்த எண் கூடக்கூட, தேய்த்த சப்பாத்தி மாவைப்போல அலை பக்கவாட்டில் விரிந்து மேலும் கீழும் மெலியும். மாடி வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்காமல் வாங்கிவிடக் கூடாது. ஒரே திசையில் நீளும் வீட்டுக்குப் பலகை வடிவத் திசை ஆன்டெனாவே பொருத்தம். வாங்குமுன், கழற்றி மாட்டும் ஆன்டெனா உள்ள ரௌட்டர்தானா என்று பாருங்கள்.

திசை ஆன்டெனாவால் அலையைக் குவிப்பதைத் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை பெரிய அளவில் செய்துகாட்டியது. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, கோபுரங்களில் திசை ஆன்டெனாக்களை ஏற்றி, பல கிலோமீட்டர் தள்ளியிருந்த கிராமக் கண் மையங்களை வைஃபையால் இணைத்தார்கள். 2006-லேயே கிராமத்து நோயாளிகள் தேனி மருத்துவர்களிடம் காணொளியில் ஆலோசனை பெற்றார்கள். மறுவருடம் வெனிசுவேலாவில் எர்மானோ பியத்ரோசெமோலி, மலை உச்சிகளுக்கிடையே 382 கிலோமீட்டர் தூரம் வைஃபை இணைப்பை எட்டச் செய்தார். இரண்டிலும் நடுவில் சுவரோ மரமோ இல்லை. வீட்டுக்குள் ஒரு தடித்த சுவரே பெரிய தடை. ரௌட்டரை நடுக்கூடத்தில், உயரத்தில் வைத்துப் பார்த்த பிறகே செலவு செய்யுங்கள்.