உங்களுக்குத் தெரியுமா? பழைய கண்ணாடிப் பாத்திரமும் போகாத கறையும்

பரணிலிருந்து பழைய கண்ணாடிப் பாத்திரம் இறங்கினால், கை முதலில் தேடுவது கம்பி நாரைத்தான். தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். மண்பானையைப் போலன்றி, கண்ணாடி எதையும் உறிஞ்சாது. சமையல் கறை எதுவானாலும் மேற்பரப்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டியிருப்பது எண்ணெயா, உப்பா, உலோகமா என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

■ ஓவனில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் பிறந்தது ஒரு கேக்கினால். அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் இயற்பியலாளராக இருந்தவர் ஜெஸ்ஸி லிட்டில்டன். 1913-இல் அவர் பேட்டரி வைக்கும் கண்ணாடி ஜாடி ஒன்றின் அடிப்பகுதியை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டார். சீராக வெந்தது, பாத்திரத்தைக் கழுவுவதும் சுலபமாக இருந்தது. 1915-இல் 'பைரெக்ஸ்' என்ற பெயரில் கண்ணாடிப் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன.

■ பழைய பேக்கிங் பாத்திரங்களின் கைப்பிடி ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு பிசுக்கு படிந்திருக்கும். சோப்புக்கு அது அசையாது. ஏன் தெரியுமா? அது இப்போது எண்ணெயே இல்லை. மறுபடி மறுபடி சூடாகி, எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வார்னிஷ் மாதிரி இறுகிவிட்டன. இதற்குப் பொறுமைதான் மருந்து. ஆப்ப சோடாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்தில் குழைத்து, பிசுக்கின் மேல் தடிமனாக அப்புங்கள். காய்ந்துவிடாமல் ஈரத் துணியால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் பிளாஸ்டிக் நாரால் தேய்த்தால் மேல் அடுக்கு பழுப்பு நிறக் கூழாக வரும். அடியில் எழுத்து புடைத்திருக்கும் இடத்துக்குப் பழைய டூத்பிரஷ். ஒரே நாளில் முழுவதும் போகாது. இரண்டு மூன்று முறை இதையே செய்யுங்கள். அடுக்கடுக்காகப் பெயர்ந்து வரும்.

■ ஆப்ப சோடா ஏன் கண்ணாடியைக் கீறுவதில்லை? 'மோஸ்' கடினத்தன்மை அளவில் கண்ணாடி ஏறக்குறைய 5.5, ஆப்ப சோடா 2.5 தான். ஆற்று மணலில் உள்ள குவார்ட்ஸோ 7. இரும்புச் சட்டிக்கும் வெண்கலப் பானைக்கும் மணலும் செங்கல் பொடியும் சரி. கண்ணாடியின் பக்கமே அவை வரக்கூடாது. கீறல் விழுந்த கண்ணாடி அழகு மட்டும் இழப்பதில்லை. சூடேறும்போது விரிசல் அந்தக் கீறலிலிருந்துதான் கிளம்பும்.

■ வெள்ளைக் கண்ணாடிக் கிண்ணத்தின் உள்ளே பென்சிலால் கிறுக்கியது போலச் சாம்பல் நிறக் கோடுகள் இருக்கின்றனவா? கீறல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் மாட்டினால் கீறல். வழுக்கிக்கொண்டு போனால், எவர்சில்வர் ஸ்பூனோ அலுமினியக் கரண்டியோ உரசி விட்டுச் சென்ற உலோகத் துகள். சிட்ரிக் ஆசிட் பொடியை ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

■ உலோகக் கறைக்கு அமெரிக்கர்கள் நம்பும் பொடி 'பார் கீப்பர்ஸ் ஃபிரெண்ட்'. 1882-இல் இண்டியானாபோலிஸ் நகரில் ஜார்ஜ் வில்லியம் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. ருபார்ப் தண்டைச் சமைத்த பாத்திரம் பளிச்சென்று ஆகியிருப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. தண்டில் இருந்தது ஆக்ஸாலிக் அமிலம். இன்றும் அந்தப் பொடியில் வேலை செய்வது அதுதான். கையுறை அவசியம், தேய்த்தபின் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். பூ வேலைப்பாடு, தங்க விளிம்பு உள்ள இடங்களில் போடவே கூடாது.

■ போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் கண்ணாடி டம்ளர் புகை படிந்தது போல மங்கிவிடும். பெரும்பாலும் அது கால்சியம் உப்பு. வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டாலே கரைந்துவிடும்.

■ வினிகருக்கும் மங்கல் போகவில்லையா? அப்படியானால் அது கறை அல்ல, அரிப்பு. டிஷ்வாஷர் பொடியின் காரமும் சூடும் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் கண்ணாடியின் மேல்தோலையே கரைத்திருக்கின்றன. வீட்டில் செய்யும் எந்த வைத்தியமும் இதைத் திருப்பாது. விளம்பரங்களை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம். பழைய வண்ணக் கிண்ணங்களின் பளபளப்பும் நிறமும் போவதற்குக் காரணம் இதுவே. பாட்டி காலத்துக் கண்ணாடியைக் கையால்தான் கழுவ வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

■ ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்தால் நுரை பொங்கும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால், மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் சோடியம் அசிடேட்டும்தான். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா, உப்புப் படிவுக்கு வினிகர். தனித்தனியாகப் போடுங்கள்.

■ மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவந்துபோகிறதே என்று பதற வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வேதியியல்தான். காரம் பட்டால் மஞ்சளின் குர்குமின் நிறம் மாறும். கண்ணாடியில் மஞ்சள் தங்காது, அதன் பிளாஸ்டிக் மூடியில்தான் ஏறிக்கொள்ளும். குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே மூடியில் முதலில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் துடைத்துக் கழுவுங்கள். பிறகு வெயிலில் வையுங்கள். மிச்சத்தை வெயில் வெளுத்துவிடும்.

■ கை நுழையாத குறுகிய வாய்ப் பாட்டிலுக்கு ஒரு பிடி அரிசியும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் போதும். குலுக்கினால் மூலையெல்லாம் அரிசி போய்த் தேய்க்கும்.

■ நிறமற்ற பழைய பாட்டில் இளம் ஊதாவாக மாறியிருந்தால் அதைத் தேய்த்துப் பயனில்லை. மணலில் உள்ள இரும்பு தரும் பச்சைச் சாயலை மறைக்க அந்தக் காலத்தில் கண்ணாடிக் கலவையில் மாங்கனீஸ் சேர்த்தார்கள். பல ஆண்டு வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு அந்த மாங்கனீஸ் ஊதாவாகிவிடுகிறது. நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. வயதைச் சொல்லும் அடையாளம் அது, அப்படியே விடுங்கள்.

■ கறை இளகட்டும் என்று கொதிக்கும் தண்ணீரைச் சட்டென்று ஊற்றாதீர்கள். போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அது தாங்கும். ஆனால் உங்கள் கையில் உள்ளது எந்த வகை என்று பார்த்துச் சொல்வது கடினம். வெதுவெதுப்பான தண்ணீரில் தொடங்குவதே நல்லது.

■ பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். வெளிவருவது குளோரின் வாயு. மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

■ கடைசியாக ஒன்று. பழைய கிண்ணங்களின் வெளிப்புற வண்ணத்தில் ஈயமும் காட்மியமும் இருப்பதுண்டு. விரலால் தேய்த்தால் வண்ணம் சுண்ணாம்புப் பொடி போல ஒட்டுகிறது என்றால், அந்தப் பாத்திரத்தை எவ்வளவு பளிச்சென்று கழுவியிருந்தாலும் அதில் சாப்பாடு வைக்க வேண்டாம், குழந்தைகள் கையில் கொடுக்கவும் வேண்டாம். அலமாரியில் கண் பார்க்கும் உயரத்தில் வைத்து, வாழ்நாள் முழுக்க ரசியுங்கள்.