பளிங்கில் மங்கிய புள்ளிகள்

புது வீட்டில் கைகழுவும் தொட்டியைச் சுற்றி வெண்பளிங்குக் கல் பதித்தோம். பத்தே நாளில் அதில் மங்கலான புள்ளிகள்! மட்டக் கல் என்று முடிவு கட்டி, கொத்தனாரின் கூலியில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தோம்.

கருமையாகத் தெரிந்து, காய்ந்ததும் மறையும் புள்ளி கல் உறிஞ்சிய நீராகும். நுண்துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் நிரம்புவதால் ஒளி சிதறுவது குறைகிறது. விரலில் தட்டுப்பட்டு, சுரண்டினால் பொடியாக உதிர்வது கடின நீர் விட்டுச்சென்ற படிவு. எங்கள் புள்ளிகள் இவ்விரண்டுமல்ல.

இரவில் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினேன். கல் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியது. புள்ளிகளில் மட்டும் அது சிதறியது. அங்கே மெருகு அழிந்திருந்தது. பளிங்கு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கரைந்து, கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறி, பரப்பு சொரசொரப்பாகிறது. கழிப்பறை கழுவும் அமிலப் புட்டியை அந்தக் கல்மீதுதான் நாங்கள் வைத்திருந்தோம்!

எலுமிச்சைச் சாறும் வினிகரும்கூட இதையே செய்யும்; அவற்றால் தேய்த்தால் புள்ளி பெரிதாகுமே தவிரப் போகாது. குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நிறைந்த கிரானைட்டை இவை இப்படி அரிப்பதில்லை.

மறுநாள் கொத்தனாருக்குப் பாக்கியைக் கொடுத்தோம். கல்லுக்கு மீண்டும் மெருகு போட்டவரும் அவரே.