வேடியப்பனிடம் ஒரு வேதபாடம்

திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஜெபாலயத்துக்குக் கோபுரம் உண்டு. 1921இல் ஜேசுதாசன் என்ற தமிழரும் பாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் தொடங்கிய ஆசிரமம் அது. இருவரும் மருத்துவர்கள், பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைக்கப்பட்டவர்கள். கதர் உடுத்தி, தரையில் அமர்ந்து, இந்த மண்ணின் முறையில் கர்த்தரை வணங்கினார்கள். 1932இல் அந்நியத் துணி மறியலின்போது சென்னையில் போலீஸிடம் அடியும் வாங்கினார் சின்னண்ணன் பேட்டன்.

கோயிலையும் ஆசிரமத்தையும் மதித்துக் கற்ற நம் கிறிஸ்தவம், கிழக்கே கண்ணெதிரில் நிற்கும் ஜவ்வாது மலையிடம் கற்றது குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. மருந்தும் பள்ளிக்கூடமும் மலையேறின. வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவப் பணியைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கொடுக்கப் போகிறவர்களுக்கு உட்கார்ந்து கேட்க நேரம் வாய்ப்பதில்லை. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகள் தமிழ் பேசுகிறவர்கள்; முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறவர்கள். அவர்கள் யாரை, ஏன் கும்பிடுகிறார்கள்?

வேடியப்பனையே எடுத்துக்கொள்வோம். மலையிலும் அடிவாரத்துச் செங்கம் வட்டாரத்திலும் அந்தப் பெயரில் கும்பிடப்படும் கற்களில் பல, பழைய நடுகற்கள். ஒரு கையில் வில், மறு கையில் வாள். எண்ணெயும் மஞ்சளும் ஏறி முகம் மழுங்கியிருக்கும். சில கற்களில் வட்டெழுத்தும் உண்டு: எதிரிகள் மாடு கவர்ந்தபோது மீட்கப் போய்ச் செத்தவன் இவன் என்று. ஊர் மாட்டுக்காக உயிரைக் கொடுத்தவனை ஊர் மறக்கவில்லை. ஆடுகளுக்காக உயிரைக் கொடுக்கும் மேய்ப்பனை யோவான் நற்செய்தியில் படித்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கல் எப்படி அந்நியமாகும்?

இப்படிக் கற்பதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புறப் பாட்டையும் கிராமத்து வழிபாட்டையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதில் திருவிருந்தைக் கண்டவர் அவர். அந்தப் பாடம் மலையேற வேண்டும்.

கேட்காமல் கொடுக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா சாட்சி. அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்ததில் திருச்சபைகளுக்கும் பங்கு உண்டு. அதை விசாரித்த ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகளைத் தந்தது. பூர்வகுடிகளின் ஆன்மிகத்தை அதன் அளவிலேயே மதிக்க, குருமாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது அவற்றில் 60ஆவது. 2022இல் போப் பிரான்சிஸ் அந்த மண்ணுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

ஜவ்வாது மலையின் காயம் வேறு. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் தொட்டு, காட்டில் பிறந்தவர்களே காட்டுக்குள் குற்றவாளிகள் ஆனார்கள். சாமை விளையும் மேட்டு நிலத்தில் வருமானம் போதாமல் மரம் வெட்டக் கூலிக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திர போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். இங்கே ஒப்புரவு பேசும் குருமாணவன் இந்தச் சாவுகளைத் தாண்டிப் போக முடியாது.

மன்னிப்பு ஜெபத்தோடு அவன் கையில் ஒரு நோட்டும் இருக்கட்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள், புனித இடங்களையும் இடுகாடுகளையும் பெரியவர்களின் எழுத்து வடிவ வாக்குமூலத்தையும் காட்டு நில உரிமைக்குச் சான்றாக ஏற்கின்றன. வேடியப்பன் கல் எந்தக் கொல்லையோரம் நிற்கிறது, எந்தத் தலைமுறையிலிருந்து பொங்கல் வைக்கிறார்கள் என்று ஊர்ப் பெரியவர் சொல்லச் சொல்ல எழுதி, கிராமசபையில் நில உரிமை கேட்கும் குடும்பத்தின் மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.