இணைப்புக்குப் பின் அகப்போட்டி மேலாண்மை: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப்பகுதி ஊரக வங்கிச் சேவையை முன்வைத்து

முன்னுரை

நிறுவனங்கள் இணையும்போது ஒரே குழுமத்தைச் சார்ந்த இரு அமைப்புகள் ஒரே வாடிக்கையாளரை நாடும் நிலை உருவாகிறது. இவ்வகப்போட்டியை முறைப்படுத்தும் வழிகளை எல்லைப் பிரிப்பு, சேவை வேறுபாடு, கூட்டு இலக்கு என மூன்றாக வகுக்கலாம். இவை ஊரக வங்கித் துறையில் பொருந்தும் பாங்கை இக்கட்டுரை விளக்குகிறது.

இணைப்பின் பின்னணி

வள்ளலார், அதியமான் கிராம வங்கிகள் 2006இல் இணைந்து பல்லவன் கிராம வங்கி உருவானது. இந்தியன் வங்கியின் ஆதரவு பெற்ற அவ்வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் ஆதரவு பெற்ற பாண்டியன் கிராம வங்கியும் 01.04.2019இல் இணைந்தன. இவ்வாறு, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு கிராம வங்கி தோன்றியது. இதன் ஆதரவு வங்கி இந்தியன் வங்கி. மண்டல ஊரக வங்கிகளின் பங்கு மூலதனத்தில் நடுவண் அரசு 50%, ஆதரவு வங்கி 35%, மாநில அரசு 15% கொண்டுள்ளன. ஆகவே இது துணை நிறுவனமன்று, இணை நிறுவனமே. எனினும் தலைவரை அமர்த்தும் பொறுப்பு ஆதரவு வங்கியிடம் இருப்பதால், துணை நிறுவனங்களுக்குரிய அகப்போட்டிச் சிக்கல் இங்கும் எழுகிறது.

எல்லைப் பிரிப்பும் அதன் தளர்வும்

1989இல் நடைமுறைக்கு வந்த சேவைப் பகுதி அணுகுமுறை, ஒவ்வொரு கிளைக்கும் 15 முதல் 25 சிற்றூர்கள் வரை ஒதுக்கியது. அரசுத் திட்டங்கள் நீங்கலாக, இக்கட்டுப்பாடுகள் 2004 டிசம்பரில் தளர்த்தப்பட்டன. உழவர் தாம் விரும்பும் வங்கியை நாடும் உரிமை பெற்றனர். ஆனால் ஓர் ஊருக்கு எவ்வங்கி பொறுப்பு என்பது மங்கியது.

26.11.2019 முதல் இயங்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இதன் விளைவு இருவகைப்படும். சமவெளி நகரங்களில் வைப்புத்தொகையும் நகைக்கடனும் இரு வங்கிகளையும் ஈர்க்கும். வெள்ளிமலை சூழ்ந்த பழங்குடிச் சிற்றூர்களிலோ கடன் தொகை சிறிது, சென்று சேரும் செலவு பெரிது. அங்கு ஒன்று மற்றொன்றிடம் பொறுப்பை விட்டுவிடக்கூடும். நகரின் சிக்கல் மிகுபோட்டி. மலையின் சிக்கல் போட்டியின்மை.

முடிவுரை

எனவே இரு நிலத்துக்கும் ஒரே விதி பொருந்தாது. நகரங்களில் சேவை வேறுபாட்டுடன் கூடிய போட்டியை அனுமதிக்கலாம். மலைப்பகுதியில் கிளை வாரியான இலக்கைத் தவிர்த்து, இரு வங்கிகளின் கடன் வழங்கலையும் ஒருசேர மதிப்பிடும் கூட்டு இலக்கை வகுத்தல் தகும். மாவட்டத்தின் முன்னோடி வங்கியும் இந்தியன் வங்கியே ஆதலால், ஆண்டுக் கடன் திட்டத்தின் வழியாகவே இதனைச் செய்ய இயலும். 01.05.2025 முதல் ‘ஒரு மாநிலம், ஒரு மண்டல ஊரக வங்கி’ என்னும் கொள்கை பிற மாநிலங்களிலும் செயற்படுவதால், இவ்வினா கல்வராயன் மலைக்கு மட்டும் உரியதன்று.