பேர்லின் நகரின் இரு மிருகக்காட்சிச்சாலைகள்

ஒரு மிருகக்காட்சிச்சாலையின் பெருமையை அளப்பதற்கு நம்மவர் கையாளும் கோல் பெரும்பாலும் எண்ணிக்கையே. எத்தனை யானை, எத்தனை சிங்கம், எத்தனை வகைப் பறவை என்று கேட்பதோடு விசாரணை முடிந்துவிடுகின்றது. அச்சாலைகளை நடத்துவோரும் நெடுங்காலம் இவ்வெண்ணமே உடையவராய் இருந்தனர். ஆயின், அருகருகே இரண்டு சாலைகள் இருக்குமிடத்து, சனங்கள் ஒன்றை நாடி மற்றையதை விட்டொழிவதற்குக் காரணம் எண்ணிக்கைதானா? இவ்வினாவை ஆராய்வதற்கு ஜேர்மனியின் தலைநகராகிய பேர்லினே மிகப் பொருத்தமான இடம். அந்நகரில் பெரிய மிருகக்காட்சிச்சாலைகள் இரண்டு உள்ளன. ஏறக்குறைய 28 ஆண்டுகள் அவற்றினிடையே ஒரு மதிலும் இருந்தது. இருபுறத்து அரசாங்கங்களும் தத்தம் விலங்குகளைத் தத்தம் கொடிகளைப் போலவே உயர்த்திப் பிடித்தன.

இவற்றுள் மூத்தது 1844 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் திறக்கப்பட்டது. ஜேர்மனியில் எழுந்த முதலாவது மிருகக்காட்சிச்சாலை இதுவேயாம். பிரஷ்ய மன்னன் நான்காம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் தன் மயில்தீவிலிருந்த விலங்குகளை உதவினான். பேராசிரியர் லிக்டென்ஸ்ரைன் முன்னின்று நடத்தினார். சாலை ஒரு பங்குக் கம்பனியாக அமைக்கப்பட்டது. இன்றும் அது அவ்வாறே உள்ளது. பங்கு வைத்திருப்பவர் பெறும் இலாபம் பணமன்று, இலவச அநுமதியே. நம் நாட்டுப் பங்குதாரர் இதனைக் கேட்டால் என்ன சொல்வாரோ!

1888 முதல் 1931 வரை இச்சாலையை ஆண்ட லுட்விக் ஹெக் என்பார் எண்ணிக்கைக் கொள்கையின் முடிசூடா மன்னர். முத்திரை சேர்ப்பவன் தன் ஏட்டிலே வெற்றிடம் காணப் பொறாதவாறு, அவரும் ஓர் இனத்தின் கிளைவகைகளையெல்லாம் அடுத்தடுத்த கூடுகளில் நிரப்ப விரும்பினார். விலங்கியல் மாணவனுக்கு அது பெருவிருந்து. ஆயின் ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளோடு வரும் தொழிலாளிக்கு ஒரு மானுக்கும் அதற்கடுத்த மானுக்கும் உள்ள வேற்றுமை தோன்றுவதில்லை. அவன் நடக்கக்கூடியது மூன்று நான்கு மணி நேரம். நின்று பார்க்கக்கூடியது இருபது முப்பது விலங்குகள். அந்த அளவைக் கடந்தபின் சேர்க்கப்படும் ஒவ்வோர் இனமும் தீனிச் செலவை உயர்த்துமேயன்றி வாயிலிலே கூட்டத்தைப் பெருக்குவதில்லை.

இதே காலத்தில் ஹம்பேர்க் நகரின் புறத்தே, ஸ்ரெலிங்கன் என்னுமிடத்தில், விலங்கு வணிகராகிய கார்ல் ஹாகென்பெக் 1907 இல் வேறொரு வழியைக் காட்டினார். கம்பிக் கூடுகளை நீக்கி, அகழிகளுக்கப்பால் சிங்கமும் மானும் வெளிவெளியாக உலாவுமாறு செய்தார். கூட்டம் அங்கே திரண்டது. ஏனைய இயக்குநர் பலர் இதனை வணிகனின் வித்தையென இகழ்ந்தனர். பின்னர் எல்லாரும் அதனையே பின்பற்றினர். ஹாகென்பெக் குடும்பத்தின் பெயர் நமக்கும் புதியதன்று. கார்லின் சகோதரராகிய ஜோன் ஹாகென்பெக் கொழும்பில் வாழ்ந்து, ஐரோப்பாவுக்கு அனுப்பவேண்டிய விலங்குகளைத் தெகிவளையில் வைத்துப் பேணினார். 1936 இல் அரசாங்கத்தின் கைக்கு வந்த தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு வித்து அதுவே.

பேர்லினுக்கு மீள்வோம். சனங்களை ஈர்ப்பது இனமன்று, பெயருடைய ஒரு தனி விலங்கே என்பதை அந்நகர் முதன்முதல் தெளிவாகக் கண்டது 1928 இல் வந்து சேர்ந்த ‘பொபி’ என்னும் கொரில்லாவிடத்தேயாம். அக்காலத்தில் ஐரோப்பாவுக்குக் கொணரப்பட்ட கொரில்லாக் குட்டிகள் விரைவில் மாண்டுபோயின. பொபியோ வளர்ந்து பருவமெய்தியது. நகரத்தார் அது வளர்வதை ஆண்டுதோறும் வந்து பார்த்தனர். 1935 இல் அது இறந்தபின்னும் அதன் உருவமே சாலையின் சின்னமாயிற்று.

இரண்டாம் உலக மகாயுத்தம் இச்சேகரத்தை ஏறக்குறைய முற்றாக அழித்தது. 1943 நவம்பர் மாதக் குண்டுவீச்சிலும் 1945 இல் நடந்த இறுதிப் போரிலும் கட்டிடங்கள் இடிந்தன. 3,700 க்கு மேற்பட்ட விலங்குகளுள் எஞ்சியவை 91. அவற்றுள் ஒன்று ‘கினௌட்ஷ்கே’ என்னும் இளம் ஆண் நீர்யானை. பெயர் நம் நாவுக்கு இடர் தருவதாயினும் பேர்லினார் நாவில் அது செல்லப் பிள்ளையின் பெயர்போல் ஒலித்தது. உண்ண உணவின்றி, எரிக்க விறகின்றி இருந்த மக்கள், தங்களைப்போலவே சாவினின்றும் தப்பிய அவ்விலங்கைப் பார்க்க வந்தனர். ஜேர்மனியில் மிருகக்காட்சிச்சாலை ஒன்றன் இயக்குநர் பதவி பெற்ற முதற்பெண்மணியாகிய கதரீனா ஹைன்றோத் அம்மையார் இடிபாடுகளினிடையே சாலையை மீட்டெடுத்த அந்நாட்களில், அவரிடம் காட்டுவதற்குச் சேகரம் என்று ஒன்று இருந்ததில்லை. இருந்தது ஒரு நீர்யானையும் ஒரு யானையும் சிலவும். கூட்டமோ வந்தது.

நகரம் பிளவுண்டபோது இச்சாலை மேற்குப் பகுதியில் அகப்பட்டது. கிழக்குப் பகுதியார் தமக்கும் ஒன்று வேண்டுமெனக் கருதி, பிரீட்ரிக்ஸ்பெல்ட மாளிகையின் பூங்காவில் 1955 யூலை மாதத்தில் ‘தியர்பார்க்’ என்னும் புதுச் சாலையைத் திறந்தனர். லைப்சிக் நகரிலிருந்து வந்த ஹைன்றிக் டாதே அதன் இயக்குநரானார். மேற்கிலுள்ளது 80 ஏக்கருக்குச் சற்று மேல். இதுவோ வளர்ந்து 400 ஏக்கரளவினதாயிற்று. ஆயின் விலங்குகளை வாங்க அரசிடம் வெளிநாட்டுப் பணம் அருமை. ஆதலின் தொழிற்சாலைகளும் நிறுவனங்களும் விலங்குகளை நன்கொடையாகத் தந்தன. பொதுமக்கள் ஓய்வுநேரத்தில் மண்வெட்டி எடுத்து நிலம் திருத்தினர். டாதே வானொலியிற் பேசி, தம் விலங்குகளின் செய்திகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தார். இவ்வாறு கிழக்குப் பேர்லினார் பலர், ‘இது நாம் வெட்டிய குளம்’ என்று ஊரவர் சொல்வதுபோல, ‘இது நாம் அமைத்த சாலை’ என்று சொல்லும் உரிமை பெற்றனர். இதனை இங்கே குறித்துக்கொள்வோமாக, பின்னர் பயன்படும்.

மதில் எழுவதற்கு முன் இரு பகுதியாரும் இரு சாலைகளுக்கும் போய்வந்தனர். போட்டியின் சுவை மிக்க காலம் அதுவேயாம். 1958 இல் ‘சீ சீ’ என்னும் பண்டாக் குட்டி சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தபோது, சில வாரங்கள் டாதேயின் சாலையிலே தங்கியது. உரிமைப் பொருளன்று, விருந்தாளி மாத்திரமே. எனினும் மேற்கில் இல்லாத ஒன்று கிழக்கில் இருந்தது. பின்னர் அக்குட்டி இலண்டன் சேர்ந்தது. 1961 இல் வகுக்கப்பட்ட உலக வனவிலங்கு நிதியத்தின் சின்னத்துக்கு அதுவே மூலமாயிற்று.

1961 ஓகஸ்ட் 13 ஆம் நாள் மதில் எழுந்தது. அன்றுதொட்டு ஒவ்வொரு சாலைக்கும் தன் பகுதிச் சனங்களே கதி. வாடிக்கையாளரைப் பிரித்துக்கொள்ளும் போட்டி மறைந்தபின் விலங்குப் போட்டி ஓய்ந்திருக்கவேண்டும் என்று நாம் எண்ணுவோம். நிகழ்ந்தது நேர்மாறு. பார்க்க வருவோருக்காக நடந்த போட்டி, பார்க்கவே முடியாத அயலவருக்காக நடக்கலாயிற்று. 1962 இல் றொபேர்ட் கெனடி மேற்குச் சாலைக்கு வெண்தலைக் கழுகொன்றை வழங்கினார். நகரபிதா வில்லி பிராண்டின் பெயரே அதற்கு இடப்பட்டது. அடுத்த ஆண்டு கிழக்கில் டாதே, உலகின் மிகப் பெரிய விலங்கு மாளிகைகளுள் ஒன்றாகிய அல்பிரட் பிறெம் இல்லத்தைத் திறந்தார். மேற்கின் இயக்குநர் ஹைன்ஸ் கேயோர்க் குளோஸ் பழைய எண்ணிக்கைக் கொள்கையை மீண்டும் கையிலெடுத்து, இன வகையில் உலகின் முதல் வரிசையில் வைக்கத்தக்க சேகரத்தை உருவாக்கினார். 1980 இல் சீன அரசு ஜேர்மன் அதிபர் ஹெல்முட் ஷ்மித்துக்கு அளித்த பாவோ பாவோ, தியென் தியென் என்னும் பண்டாக்கள் இரண்டும் அவரிடம் வந்தன. இவ்வாண்டுகளில் எது சனங்களுக்காக, எது அரசியலுக்காக என்று பிரித்தறிவது அரிது. விலங்குகளுக்காக என்று சொல்லக்கூடியது எவ்வளவு என்பது அதனினும் அரிது.

மதில் 1989 இல் வீழ்ந்தது. ஒரே நகரில் இரு சாலைகள், இரட்டிப்பான சேகரங்கள், வற்றிய பொதுப் பணம். கிழக்குச் சாலையை மூடிவிடுவதா, சுருக்குவதா என்னும் பேச்சு எழுந்தது. 1990 டிசெம்பரில், எண்பது வயதை அடைந்திருந்த டாதே பதவியினின்றும் நீக்கப்பட்டார். சாலைக்குள்ளே தாம் வாழ்ந்த வீட்டைச் சில வாரங்களுள் விட்டு நீங்குமாறும் பணிக்கப்பட்டார். 1991 சனவரி 6 ஆம் நாள் அவர் காலமானார். இது முறையாகச் செய்யப்பட்டதெனக் கூறுவார் இன்று எவருமிலர்.

சாலையோ பிழைத்தது. எதனால்? அரிய விலங்குகள் அங்கே இருந்தன, உண்மை. ஆயின் அவற்றை வேறிடங்களுக்குப் பகிர்ந்தனுப்புதல் இயலாத காரியமன்று. பகிர்ந்தனுப்ப முடியாதது மக்களின் உரிமையுணர்வு. மண்வெட்டி பிடித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் எதிர்த்து நின்றனர். சேகரம் புகழைத் தரும், தனி விலங்கு கூட்டத்தைத் தரும்; ஆபத்துக் காலத்தில் ஒரு சாலையைக் காப்பது இவ்விரண்டுமன்று என்பது என் துணிபு.

தனி விலங்கு கூட்டத்தைத் தருமாற்றை இனி நோக்குவோம். 2006 டிசெம்பர் 5 ஆம் நாள் மேற்குச் சாலையில், கிழக்கு ஜேர்மன் சர்க்கஸ் ஒன்றிலிருந்து வந்த தொஸ்கா என்னும் துருவக்கரடி ஈன்ற குட்டியைத் தாய் ஏற்கவில்லை. தோமஸ் டேர்ப்லைன் என்னும் காவலர் இரவுபகலாக அருகிருந்து புட்டிப்பால் ஊட்டி அதனை வளர்த்தார். ‘கினூட்’ எனப் பெயரிடப்பட்ட அக்குட்டி 2007 மார்ச்சில் பொதுமக்கள் முன் கொணரப்பட்டபோது உலகின் பல பாகங்களிலிருந்தும் செய்தியாளர் வந்து குவிந்தனர். அவ்வாண்டு சாலையின் வருகை ஏறக்குறைய 30 சதவீதம் உயர்ந்தது. பெயர் வணிகச் சின்னமாகப் பதிவாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களைத் திரட்டிய 160 ஆண்டு உழைப்புச் செய்யாததை ஒரு குட்டி சில மாதங்களிற் செய்தது.

ஈண்டு வடக்கே நொய்மூன்ஸ்ரர் என்னும் சிற்றூரின் விலங்குச்சாலை இடைபுகுகின்றது. கினூட்டின் தந்தையாகிய லார்ஸ் அச்சிறு சாலைக்குச் சொந்தம்; பேர்லினுக்கு இரவலாகவே அனுப்பப்பட்டிருந்தது. முதற்குட்டி தந்தைக்குரியவருக்கே என்பது உடன்படிக்கை. சட்டம் அவர் பக்கம். கூட்டமோ பேர்லின் பக்கம். அச்சாலை வருவாயிற் பங்கு கேட்டு வழக்குத் தொடுத்தது. 2009 இல் பேர்லின் 430,000 யூரோ கொடுத்து முழு உரிமையைப் பெற்றது. பெரிய சாலையின் வாயிலில் விளைந்த பொன்னுக்குச் சிறியதன் விலங்கே வித்தாயினும், விளைச்சல் நகரத்துக்கே என்பதை இவ்வழக்குப்போல் விளக்குவது வேறில்லை. தெற்கே நூரெம்பேர்க் சாலையும் 2007 டிசெம்பரில் பிறந்த தன் குட்டி பிளொக்கேயைத் தாயினின்றும் பிரித்துக் கையால் வளர்த்தது. சிறிது முன்னர் அங்கே வேறொரு தாய்க்கரடி தன் குட்டிகளைத் தின்றுவிட, சனங்கள் கொதித்தெழுந்தமை அதற்கு ஒரு காரணம். பேர்லினின் வெற்றி கண்முன் நின்றமையும் இயக்குநர் மனத்திற் பதியாதிருந்திராது.

இத்தகைய புகழுக்கு விலை கொடுப்பது யார்? கினூட் வளர்ந்து பெருங்கரடியாயிற்று. கூட்டம் குறைந்தது. டேர்ப்லைன் 2008 இல் காலமானார். 2011 மார்ச் 19 ஆம் நாள், நான்கு வயதுகூட நிரம்பிச் சில மாதங்களே ஆகியிருந்தபோது, பார்வையாளர் கண்முன்னே அது சுழன்று நீரில் வீழ்ந்து இறந்தது. மூளையழற்சியே காரணம், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் மூளையையே தாக்கியதால் அது நேர்ந்ததென ஆய்வாளர் 2015 இல் விளக்கினர். நோய்க்கும் புகழுக்கும் தொடர்பில்லை. ஆயின் மனிதர் கூட்டத்திடையே வளர்ந்த கரடி கரடிகளிடையே எங்ஙனம் வாழும் என்னும் வினாவை அப்புகழே எழுப்பியது. இன்றுவரை அதற்கு ஏற்ற விடை கூறப்படவில்லை.

2007 முதல் இரு சாலைகளுக்கும் ஒருவரே இயக்குநர். ஒரே இனத்தை இரண்டிடத்தும் வைத்துச் செலவிடுதல் வேண்டாமென்னும் எண்ணம் மெல்ல வலுப்பெற்றது. மேற்கிற்குப் பண்டா: 2017 இல் சீனாவிலிருந்து மெங் மெங், சியாவோ சிங் என்பன வந்தன, அவற்றுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலர் செலுத்தவேண்டும், 2019 இல் ஜேர்மனியின் முதற் பண்டாக் குட்டிகளாகிய இரட்டையர் பிறந்தன. கிழக்கிற்கு விரிந்த வெளியும் குளிர்நாட்டு விலங்குகளும். 2018 டிசெம்பரில் ‘ஹேர்த்தா’ என்னும் துருவக்கரடிக் குட்டி பிரீட்ரிக்ஸ்பெல்டவிலே பிறந்து, தன் தாயிடத்திலேயே வளர்ந்தது. மேற்குச் சாலையின் கடைசித் துருவக்கரடி 2021 இல் முதுமையுற்று இறந்தது. கினூட்டைக் காண விரும்புவோர் இன்று அச்சாலையில் காண்பது ஒரு வெண்கலச் சிலை. பதப்படுத்திய அதன் உடலோ, பொபியின் உடலைப் போலவே, நகரின் இயற்கை வரலாற்று நூதனசாலைக்குச் சென்றது.